எல்லாம் சரியாத்தான் இருக்காம்!

கணினியில் அப்டேட் முடிந்துவிட்டதாம். உள்ளே போய்ப் பார்த்தால் சத்தத்தைக் காணோம். மறுபடியும்!

ஸ்பீக்கரில் குட்டி விளக்கு எரிகிறது. வயர் எல்லாம் செருகித்தான் இருக்கிறது. வால்யூம் 100. வீடியோவை ஓட்டினால் சத்த அளவைக் காட்டும் அந்தப் பச்சைக்கோடு மேலும் கீழும் துள்ளுகிறது. அதாவது கணினி பாடிக்கொண்டுதான் இருக்கிறது, என் காதுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை. பின்னே யாருக்குப் பாடுகிறது? மானிட்டருக்கு! ஹெச்டிஎம்ஐ வயரில் படத்தோடு சத்தமும் போகும் இல்லையா, அதனால் திரைப்படத்தைக் கவனிக்கிற மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் புதுசாக ஏறும்போது மானிட்டரையும் ஒரு ஸ்பீக்கராகக் கணக்கில் சேர்த்து, அதையே டீஃபால்ட்டாக வைத்துவிட்டுப் போய்விடுகிறது. என் மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது ஐயா. வாயே இல்லாதவனிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு, கூட்டம் சிறப்பாக நடக்கிறது என்று அறிக்கை வேறு.

செட்டிங்ஸில் மாற்றினால் முடிந்தது என்பீர்கள். மாற்ற மவுஸ் வேண்டுமே!

அம்புக்குறியை வலது மூலைக்குக் கொண்டுபோகிறேன். பாதி வழியில் நிற்கிறது. அசைக்கிறேன், அசையவில்லை. வேகமாக இழுத்தால் திரையின் அந்தக் கோடிக்கு ஒரே தாவு. காரணம் தெரியாமல் இல்லை. வயர்லெஸ் மவுஸ் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். யூஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் வேலை செய்தால் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும். சிப் செய்கிற இன்டெல் நிறுவனம் இதை 2012லேயே அறிக்கையாகப் போட்டுவிட்டது. ஆனால் இன்னமும் பின்பக்கத்தில் போர்ட்டை எல்லாம் ஒட்டி ஒட்டித்தான் வைப்பார்கள், நாம்தான் மேஜைக்கு அடியில் தவழ்ந்துபோய் மவுஸின் ரிசீவரைப் பிடுங்கி முன்பக்கம் செருக வேண்டும். செருகினேன். தலையில் மேஜை இடித்தது. தாவல் நின்றது, அப்போதைக்கு.

அப்புறம்தான் அடுத்த கூத்து. மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை ஒரு தடவை க்ளிக் செய்கிறேன். பட்டியல் திறக்கிறது, உடனே மூடுகிறது. மறுபடி க்ளிக். திறக்கிறது, மூடுகிறது. ஒரு அமுக்கலை மவுஸ் இரண்டாக எண்ணுகிறது! உள்ளே இருக்கும் நகம் அளவு சுவிட்சில் தகடு தேய்ந்துபோனால், ஒரு தொடுதலுக்கே அது துடித்து இரண்டு தடவை தொட்டுவிடும். விளைவு என்ன தெரியுமா? ம்யூட்டை எடுக்க அமுக்கினால் எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டுவிடுகிறது. நான் கேட்டதை அது செய்யவில்லை என்று புகார்கூடச் சொல்ல முடியாது. செய்தது, அப்புறம் மனசு மாறிவிட்டது. 1960களில் அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் குழு செய்த முதல் மவுஸ் ஒரு மரக்கட்டை. அடியில் இரண்டு சக்கரம், மேலே ஒரே ஒரு பொத்தான், பின்னால் வயர். அதையாவது கொடுங்கள், போதும்.

சரி, சரிபார்ப்புக் கருவி என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அதைக் கூப்பிடுவோம் என்று ஓட்டினேன். சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக ஓடின. 'ஒலிச் சாதனங்களைச் சோதிக்கிறோம்.' மறுபடி புள்ளிகள். 'ஒலிச் சேவைகளைச் சோதிக்கிறோம்.' இன்னும் புள்ளிகள். மருத்துவமனை வாசலில் நிற்கிறவன் மாதிரி நானும் நின்றேன். கடைசியில் தீர்ப்பு வந்தது: பிரச்சினை எதுவும் இல்லை. எனக்குத்தான் காது இல்லை போல.

கீழே ஒரு கேள்வி: 'இது உங்களுக்கு உதவியதா?' ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். வாழ்க்கையில் எதையும் இவ்வளவு ஆசையாக அமுக்கப் போனதில்லை. 'இல்லை'யை நோக்கிப் போகிறேன், போகிறேன், கிட்டே வந்துவிட்டேன், அம்புக்குறி ஒரு துள்ளு துள்ளி 'ஆம்' மேல் விழுந்தது. அமுக்கியும் விட்டேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி!' பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. எங்கோ ஒரு கணக்கில் நான் இப்போது திருப்தியடைந்த வாடிக்கையாளர்.

மவுஸைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, நம்பர் பேடாலேயே அம்புக்குறியை நகர்த்தும் வசதியைப் போட்டேன். எட்டை அமுக்கினால் மேலே, ஆறை அமுக்கினால் வலப்பக்கம். அம்புக்குறி தியானத்தில் நடக்கிற சாமியார் வேகத்தில் போனது. போய்ச் சேர்ந்து, பட்டியலைத் திறந்து, ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தேன். சத்தம் வந்தது! வால்யூம் 100இல் கிடந்தது மறந்தே போயிருந்தது. தெருவே கேட்டிருக்கும்.

சந்தோஷப்பட்டு மூச்சுவிடுவதற்குள் மூலையில் ஓர் அறிவிப்பு: 'மாற்றங்கள் முழுமையாக, மறுதொடக்கம் தேவை.' செய்தேன். திரும்ப வந்தது. பச்சைக்கோடு துள்ளுகிறது. சத்தம் மானிட்டருக்கு!

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். இந்த வீட்டில் சத்தம் சரியாக வேலை செய்கிற ஒரே சாதனம் என் வாய்தான்.

இதையெல்லாம் போனில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். சார்ஜ் 4 சதவீதம். சார்ஜரைக் காணோம். யார் எடுத்தாலும் எடுத்த இடத்தில் வைக்கிற பழக்கம் இந்த வீட்டில் எவருக்காவது உண்டா? கேட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள், அதுவும் சார்ஜரில் போட்ட போனைக் கையில் வைத்துக்கொண்டு!