தனியாக வசிக்கும் ஆச்சிகள் பற்றி வரும் வாட்ஸ்அப் செய்தி தவறு

"செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர் எல்லோருக்கும் தனிமை நோய் வரும், உடனே நகரத்துக்கு அழைத்துப் போங்கள்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது சரியல்ல. தனியாக வசிப்பது வேறு, தனிமையில் வாடுவது வேறு. மனம் தேடும் உறவு கிடைக்காத வேதனையே தனிமை. தனிமைக்கான இந்த விளக்கத்தை உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். பிள்ளைகளோடு இருந்தும் தவிப்பவர்கள் உண்டு.

காரைக்குடியில் எங்கள் தெரு ஆச்சி வீட்டுத் திண்ணையில் கீரைக்காரம்மா கூடையை இறக்கினால், கால் மணி நேரம் பேசாமல் எழுந்திருக்க மாட்டார். முகம் தெரியாத அடுக்குமாடியில் ஆச்சிக்கு அது கிடைக்குமா? அவரையே கேட்டு முடிவெடுங்கள்.

உதவி வேண்டுமென்றால் முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணமில்லை. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.