கேட்டு எடுத்த படங்கள்

தெரு ஒளிப்படம் என்றால் படத்தில் இருப்பவர் அறியாமல் எடுத்ததாக இருக்க வேண்டும், அனுமதி கேட்ட கணத்திலேயே அதன் உண்மை போய்விடுகிறது என்று ஒளிப்படம் எடுக்கும் நண்பர்கள் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் கார்த்தியே பிரெஸ்ஸோன் வழிவந்த அந்த மரபின் மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால், 1980களின் நியூயார்க் தெருக்களில் ஜமேல் ஷபாஸ் எடுத்த படங்களைப் பார்த்த எவரும் அதை ஒரு விதியாக ஏற்க முடியாது என்பது என் கருத்து. அவற்றுள் பெரும்பாலானவை கேட்டு எடுத்தவை. இளைஞர்கள் கேமராவை நேராகப் பார்த்து, தாம் விரும்பியபடி நின்று கொடுத்தவை.

ஷபாஸ் 1960இல் புரூக்ளினில் பிறந்தவர். தந்தையும் ஒளிப்படக்காரர். கறுப்பின அமெரிக்கர்களின் வாழ்வைப் பற்றி லெனார்ட் ஃப்ரீட் வெளியிட்ட ஒளிப்பட நூல் வீட்டில் இருந்தது. சிறுவயதில் அதைப் புரட்டியதே தம்மை இவ்வழியில் செலுத்தியதாக அவர் கூறியிருக்கிறார். பதின்பருவத்திலேயே இராணுவத்தில் சேர்ந்து, ஜெர்மனியில் பணியாற்றி, 1980இல் ஊர் திரும்பினார். 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுச் சுழற்றிய விருந்திலிருந்து கணக்கிடப்படும் ஹிப் ஹாப் என்னும் இசைப் பண்பாடு, அதற்குள் நகரம் முழுவதும் பரவி, பேச்சையும் நடையையும் உடையையும் மாற்றிவிட்டிருந்தது. சுரங்க ரயில் நிலையங்களிலும் பள்ளி வாசல்களிலும் அந்தப் பிள்ளைகளை அணுகி, தாம் முன்பு எடுத்த படங்களின் ஆல்பத்தைக் காட்டி, பேசிப் பழகிய பிறகுதான் ஷபாஸ் கேமராவை உயர்த்தினார்.

அப்படங்களின் உடைகளை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். கங்கோல் தொப்பி, பெரிய கசால் மூக்குக்கண்ணாடி, கத்தி முனைபோல் மடிப்பு நிற்கும் லீ ஜீன்ஸ், தன் பெயரையே எழுத்து எழுத்தாகக் கோத்துப் போட்ட பெல்ட், பூமா அல்லது அடிடாஸ் ஷூவில் அகலமான லேஸ். அந்த லேஸைப் பட்டையாக்க இழுத்து, இஸ்திரி போட்டு, ஷூவின் ஓரங்களைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து வைத்திருந்தார்கள். கையில் அதிகம் காசில்லாத பிள்ளைகள் இவ்வளவு பொறுமையோடு தங்களைத் தயார் செய்துகொண்டு தெருவுக்கு வந்தது யாராவது பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். அவர்களைத் தொலைவிலிருந்து, அவர்கள் அறியாமல் எடுத்திருந்தால், அந்த உழைப்பின் நோக்கமே படத்தில் விடுபட்டிருக்கும். கைகளைக் கட்டிக்கொண்டு தோளைச் சற்றே சாய்த்து நிற்கும் அந்த நிலையும் அவர்கள் ஆக்கியது. அதை ஒளிப்படக்காரர் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதே ஆண்டுகளில் நகரத்தின் பெரும்பகுதி இவர்களைப் போன்ற கறுப்பின இளைஞர்களை எப்படிப் பார்த்தது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1984 டிசம்பர் 22 அன்று சுரங்க ரயில் பெட்டியொன்றில், தன்னிடம் பணம் கேட்ட நான்கு கறுப்பின இளைஞர்களை பெர்ன்ஹார்ட் கோட்ஸ் என்பவர் துப்பாக்கியால் சுட்டார். ஒருவர் வாழ்நாள் முழுவதும் நடக்க முடியாதவரானார். நகரத்தில் பலர் சுட்டவரைக் கொண்டாடினார்கள். 1987இல் நடுவர் குழு அவரைக் கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக மட்டுமே தண்டனைக்கு உள்ளாக்கியது. அதே ரயில்களில், அதே வயதுப் பிள்ளைகளிடம் ஒருவர் சென்று, உங்களைப் படம் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியின் எடையை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

போஸ் கொடுத்த படங்கள் வறுமையையும் வன்முறையையும் மறைத்து அழகுபடுத்துகின்றன என்பது மற்றொரு குற்றச்சாட்டு. அழிவை ஷபாஸ் அறியாதவர் அல்லர். 1983 முதல் இருபது ஆண்டுகள் அவர் நியூயார்க் நகரச் சிறைக் காவலராகப் பணியாற்றினார். ரைக்கர்ஸ் தீவின் சிறைக்கூடங்களில், கிராக் போதைப்பொருள் அவர் வாழ்ந்த தெருக்களைச் சிதைத்ததன் விளைவுகளை நாள்தோறும் கண்டார். பணி முடிந்ததும் கேமராவோடு தெருவுக்குப் போய், இளைஞர்களை நிறுத்திப் படம் எடுத்ததோடு, படிப்பையும் எதிர்காலத்தையும் பற்றிப் பேசினார். ஆபத்தை நன்கு அறிந்த ஒருவர், அது அவர்களைத் தொடுவதற்கு முன்பிருந்த முகத்தைக் காப்பாற்றி வைத்தார் என்றே நான் அவற்றைப் பார்க்கிறேன்.

இவற்றின் முதல் தொகுப்பு நூல் 2001இல் வந்தது. அதன் பிறகு உடை வடிவமைப்பாளர்களும் திரைப்பட ஆடைக் கலைஞர்களும் அந்தக் காலத்தை அறிய இப்படங்களையே நாடுகிறார்கள். பெரிய அருங்காட்சியகங்கள் சுவரில் மாட்டுகின்றன. ஷபாஸுக்குக் கிடைக்கும் புகழ் முற்றிலும் தகுதியானது. ஆனால் படங்களின் கீழே பெரும்பாலும் ஒரு தலைப்பும் இடமும் ஆண்டும் மட்டுமே இருக்கின்றன. உடையைத் தேர்ந்ததும் நிற்கும் விதத்தை முடிவு செய்ததும் அந்த இளைஞர்கள் என்றால், படத்தின் ஆக்கத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அவர்களுடைய பெயர்களைத் தேடிச் சேர்க்கும் வேலையை, இப்படங்களைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்கள் இனியும் தள்ளிப்போடாமல் தொடங்க வேண்டும். அன்று பதினேழு வயதில் கேமரா முன் நின்றவர்களுக்கு இப்போது அறுபது வயதாகிறது.