ஷெங்கன் 90 நாள் கணக்கு: வெளியே போய் வந்தால் புதிதாகத் தொடங்காது

ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டம். அங்கே போக மல்டிபிள் என்ட்ரி (பலமுறை நுழையும்) விசா இருந்தால், 90 நாள் முடியும் முன் அதற்கு வெளியே உள்ள இஸ்தான்புல்லுக்கோ லண்டனுக்கோ ஒருநாள் போய்த் திரும்பினால் மறுபடி 90 நாள் கிடைக்கும் என்று ஒரு பதிவு சொல்கிறது. அப்படிக் கிடைக்காது. மல்டிபிள் என்ட்ரி, திரும்ப உள்ளே வர அனுமதி மட்டுமே. நாள் எண்ணிக்கையைக் கூட்டாது.

எந்த ஒரு நாளை எடுத்தாலும், அதையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாளில் ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் தங்கியது மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. நாட்டுக்கு நாடு தனிக்கணக்கு இல்லை. நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டுமே முழு நாளாகச் சேரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

மார்ச் 1-ல் பாரிஸில் இறங்கி ஏப்ரல் 29-ல் இஸ்தான்புல் போனால் 60 நாள் தீர்ந்தது. மே 5-ல் ரோமுக்கு வந்தால் மிச்சம் 30 நாள்தான்; ஜூன் 3 கடைசி. அதன்பின் ஆகஸ்ட் 28-ல்தான் மார்ச் 1 கணக்கிலிருந்து உதிர்ந்து, ஒரு நாள் திரும்பக் கிடைக்கும்.

சரிபார்ப்பது எளிது. ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் குறுகிய காலத் தங்கலுக்கான கால்குலேட்டர் இலவசமாக இருக்கிறது. உங்கள் பயணத் தேதிகளைப் போட்டுப் பாருங்கள். விசா ஸ்டிக்கரில் எத்தனை நாள் தங்கலாம் என்ற கட்டத்தையும் பாருங்கள்: அதில் 30 என்றிருந்தால் 30 நாள்தான், விசா ஆறு மாதம் செல்லுபடியானாலும். தயவுசெய்து இதைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். கூடுதலாகத் தங்கினால் அபராதமோ நுழைவுத் தடையோ வரலாம்.