அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

எந்த வீடியோ என்று சொல்ல வேண்டியதில்லை, இரண்டு நாளாக எல்லோருடைய டைம்லைனிலும் அதுதான் ஓடுகிறது. ஒரு எண்டூரோ பைக் போட்டி முடிந்து, எல்லைக்கோட்டில் ஊதி நிறுத்தியிருந்த ஃபினிஷ் ஆர்ச்சில் காற்றைப் பிடுங்கி மடித்துக்கொண்டிருக்கிறார்கள், நாற்காலிகளை டெம்போவில் ஏற்றுகிறார்கள், அந்த நேரம் பார்த்து ஒரு பையன் அறுந்த செயினைத் தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளியபடி உள்ளே வருகிறான். அதற்குப் பின்னணியில் காமெடி மியூசிக் வேறு. கீழே வரிசையாகச் சிரிப்பு ஸ்மைலி. அதில் நான் மதிக்கிற நாலைந்து பேருடைய பெயரும் இருந்தது. இல்லையென்றால் பேசாமல் தூங்கப் போயிருப்பேன்.

மண்ணிலும் பள்ளத்திலும் மணிக்கணக்கில் பைக் ஓட்டுகிற எண்டூரோ என்பது முடிக்கிற போட்டி. திரும்பவும் சொல்கிறேன், முடிக்கிற போட்டி. யார் முதலில் வந்தான் என்பது மேலே இருக்கிற பத்துப் பேருடைய கவலை. மற்றவர்களுக்கெல்லாம் காலையில் எடுத்த வண்டியைச் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் போட்டியே. 1913-இல் தொடங்கிய ஆறு நாள் எண்டூரோவில், ஆறு நாளும் தாக்குப்பிடித்து முடித்தவனுக்கு வெண்கலப் பதக்கம் உண்டு, எத்தனையாவதாக வந்தாய் என்று கேட்பதில்லை. அங்கே டயரைக்கூட ஓட்டுகிறவனேதான் கழற்றி மாட்ட வேண்டும்.

"தள்ளிக்கொண்டு வருகிறவன் எல்லாம் ரைடரா?" என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். அண்ணா, ஆஸ்திரியாவில் எர்ஸ்பெர்க் என்று ஒரு இரும்புச் சுரங்க மலை இருக்கிறது. அங்கே நடக்கிற எண்டூரோவில் ஐந்நூறு பேர் கிளம்புவார்கள், நாலு மணி நேரம் கெடு. 2015-இல் முன்னால் போன ஜானி வாக்கர், கிரஹாம் ஜார்விஸ், ஆண்ட்ரியாஸ் லெட்டன்பிக்லர், ஆல்ஃபிரடோ கோமஸ் நாலு பேரும் ஒரு சரிவில் ஏற முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். அப்புறம் ஒருத்தர் வண்டியை இன்னொருத்தர் இழுத்தும் தள்ளியும் மேலே ஏற்றி, சேர்ந்தே போய் முடித்தார்கள். நாலு பேருக்கும் முதலிடம். அவர்கள் தள்ளினால் வரலாறு, நம் ஊர்ப் பையன் தள்ளினால் மீம். நல்லா இருக்கிறது நியாயம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நானும் அப்படி வந்தவன்தான். செகண்ட் ஹேண்ட் ஹீரோ இம்பல்ஸ் பைக், 150 சிசி, 134 கிலோ. பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பும் பள்ளமுமாக ஒரு சுற்று, அதை இரண்டு தடவை சுற்ற வேண்டும். இரண்டாவது சுற்றில் பள்ளத்துத் தண்ணீர் வண்டிக்குள் போய் என்ஜின் நின்றது. பிளக்கைக் கழற்றிவிட்டு உதைக்க உதைக்க அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் என் மூஞ்சியிலேயே பீச்சியடித்தது. சரி, கிளம்பினேன். ரெண்டு கிலோமீட்டர் போவதற்குள் சீமைக்கருவேல முள் பின்சக்கரத்தில் ஏறிவிட்டது. வைத்திருந்த ஒரே புது டியூபை டயரை நெம்புகிற லீவரில் நசுக்கி நானே ஓட்டை போட்டேன்! அழுகை வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. அப்போதுதான் எங்கேயோ படித்த ஞாபகத்தில், வைக்கோல் மாதிரி எதையாவது டயருக்குள் திணித்து ஓட்டலாம் என்று பக்கத்துத் தோட்டத்தில் போய்ச் சோளத்தட்டு கேட்டேன். அங்கிருந்த பாட்டி ஒரு கட்டு கொடுத்துவிட்டு, நான் திணிப்பதை நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏங் கண்ணு, மாட்டுக்குப் போடறத வண்டிக்குப் போடற?" கூடவே ஒரு சொம்பு நீர்மோர். மிச்ச தூரம் முதல் கியரிலேயே வந்தேன்.

கெடு தாண்டிப் பதினோரு நிமிடம். டைம் பார்க்கிறவர்கள் மேசையோடு போய்விட்டார்கள். அப்பா மட்டும் ஒரு கல்லின் மேல் தயிர்சாதப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். "முடிஞ்சுதா?" என்றார். முடிந்தது என்றேன். மறுநாள் வந்த ரிசல்ட் தாளில் என் பெயருக்கு நேராக டி.என்.எஃப். முடிக்கவில்லையாம். முடித்தேனே! பதினோரு நிமிடம் பொறுக்க முடியாதா என்று அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இவ்வளவு வருஷம் கழித்து இங்கே கேட்கிறேன், என்ன செய்ய. விதி விதிதான், தெரியும். அதைச் சொல்ல வராதீர்கள்.

அடுத்து "பணக்காரன் விளையாட்டு" என்பவர்கள். லட்சக்கணக்கில் கொட்டிக் கேடிஎம் வாங்கி வைத்திருப்பவர்களைப் போய்க் கேளுங்கள். என் பூட்ஸ் யாரோ போட்டுக் கழித்தது, ஒரு சைஸ் பெரிது, ரெண்டு சாக்ஸ் போட்டால்தான் நிற்கும். நெஞ்சுக் கவசம் இரவல். என்ட்ரி ஃபீஸுக்கு நான் யாரிடம் கைமாற்று வாங்கினேன் என்பது என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது (இனித் தெரியும்). காடு கெடுகிறது என்கிறீர்களா, வனத்துக்குள் போய் ஓட்டினால் அது தப்புதான், நாங்கள் ஓட்டியது பட்டா நிலத்தில், அனுமதி வாங்கி. அதோடு அந்தப் பேச்சை விடுங்கள்.

எங்கள் ஆபீஸில் ஒருத்தர் உண்டு. 2015-இல் சி.எஸ்.சந்தோஷ், பல நாள் ஓடுகிற டாக்கார் ராலியை பைக்கில் முடித்த முதல் இந்தியர் ஆனபோது, "முப்பத்தாறாவது இடமா?" என்று கேட்டுச் சிரித்தவர். 2024-இல் ஹரித் நோவா அதே டாக்காரில் ராலி 2 என்கிற, முதல்வரிசை ரைடர்களுக்கு அடுத்த பிரிவை ஜெயித்ததும் முதல் ஆளாக மூவர்ணக்கொடி ஸ்டேட்டஸ் வைத்தார். இப்போது இந்த வீடியோவுக்கும் அவருடைய சிரிப்பு இருக்கிறது. நடுவில் ஒரு நாளாவது மண்ணில் வண்டி ஓட்டியிருப்பாரா? அவருடைய வண்டியில் சேறு பட்டு நான் பார்த்ததே இல்லை, மழைக்காலத்தில் ஆட்டோவில்தான் வருவார். சரி, அது அவர் சௌகரியம், எனக்கென்ன.

அந்தப் பையன் செயினைத் தூக்கி எறியவில்லை, கவனித்தீர்களா? காலையில் வண்டியோடு கிளம்பின சாமான் அத்தனையையும் திரும்பக் கொண்டுவந்திருக்கிறான். எனக்கு அவன் யார் என்று தெரியாது. தெரிந்தவர்கள் இதைக் காட்டுங்கள்.

தம்பி, அறுந்த செயினை இணைக்கிற செயின் லாக் ரெண்டு வாங்கி ஹேண்டில்பாரில் டேப் போட்டு ஒட்டி வை. கூட ஒரு நோஸ் பிளையர். லாக் மாட்டும்போது அதன் கிளிப்பில் மூடின பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்கணும். உனக்கு யாரோ அதைத் திசை மாற்றி மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் என் சந்தேகம்.