இடமில்லை, போலாம் ரைட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த ஆடியோவை வெளியே விட்டது நான் இல்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அங்கிருந்து புதுச்சேரி முத்தியால்பேட்டை வரைக்கும் எப்படிப் போனதோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். மூன்று நாளாக ஆளாளுக்கு எனக்கே அனுப்பி, "இது உங்க மாமா குரல் மாதிரி இருக்கே" என்று கேட்கிறீர்கள். ஆமாம், பிரான்ஸில் இருக்கிற மாமாதான். பெயர் போட மாட்டேன். கேட்டவர்களுக்குத் தெரியும். கேட்காதவர்கள் கேட்க வேண்டாம், நான்கு நிமிடம் மிச்சம்.

கேட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாக: பிரான்ஸ் கெட்டுப்போய்விட்டது. கண்டவனும் வந்து வீட்டையெல்லாம் பிடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போனால் அவன்தான், பள்ளிக்கூடத்துக்குப் போனால் அவன் பிள்ளைதான். "நம்ம பொண்ணு ஏழு வருஷமா ஆஷ்எல்எம் வீட்டுக்கு எழுதிப் போட்டுட்டுக் காத்துக் கிடக்குறா, நேத்து படகுல வந்தவன் கையில சாவி." (ஆஷ்எல்எம் என்பது நம் ஹவுசிங் போர்டு மாதிரி, ஆனால் வாடகைக்கு.) மூன்றாவது நிமிடத்தில் வண்டி இந்தப் பக்கம் திரும்புகிறது. பாண்டியும் அப்படித்தான் ஆகப்போகிறதாம். வடக்கத்தியான் ஒரு பக்கம். அப்புறம், "இந்தக் கடலூர், விழுப்புரம்காரனுங்க வந்து ஆஸ்பத்திரியை அடைச்சுட்டானுங்க. உள்ளூர்க்காரன் போனா நிக்க இடமில்ல."

மாமா, கடலூர்க்காரனுங்க என்றால் யார்? உங்கள் அத்தை பிள்ளை குடும்பம்தானே. மாதம் ஒருமுறை விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, ஃபைலை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு அங்கே வரிசையில் நிற்பது என் அம்மா. "அம்மாவுக்கு எப்படி இருக்கு, மாத்திரை ஒழுங்கா போடுறாங்களா" என்று போன மாதம் கேட்டது நீங்கள்தானே?

அம்மாவும் ஆடியோவைக் கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். "அவரு வேற யாரையோ சொல்றாரு" என்று சொல்லிவிட்டு கீரை ஆயப் போய்விட்டாள்.

டவுன் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த ஆளைத் தெரியும். படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு "அண்ணே, கொஞ்சம் உள்ள போங்கண்ணே, எவ்ளோ இடம் கெடக்கு" என்று கெஞ்சுவார். யாரோ ஒருவர் நகர்ந்து இடம் கொடுப்பார். ஏறி இரண்டு காலையும் ஊன்றினாரோ இல்லையோ, அடுத்த ஸ்டாப்பில் நிற்கிறவர்களைப் பார்த்து முதல் ஆளாகக் கத்துவதும் அவர்தான். "இடமில்ல, பின்னாடி வண்டி வருது, போலாம் ரைட்!" கண்டக்டர் இன்னும் விசிலே ஊதியிருக்க மாட்டார்.

நான்கு நிமிட ஆடியோவில் நான் கேட்டது இந்தக் குரலைத்தான்.

மாமா எப்படி ஏறினார் என்று சொல்கிறேன். எங்கள் ஆயா பாகூர் பக்கத்துப் பெண். பெண்ணையாற்றுக்கு இந்தப் பக்கம், கடலூரில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் அண்ணன், அதாவது மாமாவின் அப்பா, அந்தப் பக்கமே இருந்தார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சொல்தா ஆனார், சைகோன் போனார். 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. 1956 மே 28ஆம் தேதி ஒப்பந்தம் போட்டார்கள். அது சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி. அதிலிருந்து ஆறு மாதம் அவகாசம்: பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றால் எழுதிக் கொடு, கொடுக்காவிட்டால் நீ இந்தியன். பெற்றோர் எழுதினால் கல்யாணமாகாத சின்னப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். தாத்தாவுக்குப் பட்டாளத்து பென்ஷன் இருந்தது, படித்துச் சொல்ல ஆள் இருந்தது, எழுதிக் கொடுத்தார். மாமாவுக்கு அப்போது ஒன்பது வயது. அந்த ஆறு மாதமும் ஆயா ஆற்றுக்கு இந்தப் பக்கம் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு தாள் இருக்கிற சங்கதியே அவளுக்குத் தெரியாது.

கூடப் பிறந்தவர்கள்தான் இரண்டு பேரும். ஒருத்தர் பிள்ளை பாரிஸுக்குப் பக்கத்தில் சார்செல்லில், இன்னொருத்தி பிள்ளை திருப்பாதிரிப்புலியூரில் சைக்கிள் கடையில். இதில் யாருடைய திறமை என்ன?

இந்த இடத்தில் ஒருவர் வருவார், தெரியும். இப்போதே டைப் செய்துகொண்டிருப்பார். "உங்க மாமா சட்டப்படி போனாரு. இவனுங்க கள்ளத்தனமா படகுல வர்றானுங்க. ரெண்டும் ஒண்ணா?" ஒன்று இல்லைதான். மாமாவுக்கு இரண்டு நாட்டு அரசாங்கமும் மேஜையில் உட்கார்ந்து, பேனா மூடியைத் திறந்து வைத்து, கதவைச் செய்து கொடுத்தன. லிபியாவில் 2011இல் பிரெஞ்சு விமானம் குண்டு போட்டதே, அந்த ஊர் வழியாகத் தப்பித்து வருகிறவனுக்கு யாரும் ஒப்பந்தம் போடவில்லை. சட்டப்படி போனேன் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர், அந்தச் சட்டம் தனக்காக எழுதப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்பது வயதில் அப்பா போட்ட கையெழுத்துக்கு இத்தனை மீசை முறுக்கல் ஆகாது.

அத்தை கதைக்கு வாருங்கள். மாமாவைக் கட்டிக்கொண்டு 1981இல் வில்லியனூரிலிருந்து போனார். பிரெஞ்சில் அவருக்குத் தெரிந்தது "பொன்ழூர்" மட்டும். (இப்போது "மெர்சி"யும் தெரியும்.) இன்றைக்கும் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லப் பேத்தி வேண்டும். 2024 ஜனவரியில் பிரான்ஸ் கொண்டுவந்த குடியேற்றச் சட்டம், பத்து வருடம் தங்கும் அட்டைக்குக்கூட மொழித் தகுதியை ஏற்றிவிட்டது. வேலை பார்க்காத வெளிநாட்டுக்காரன் வீட்டு வாடகை உதவி வாங்க ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். அந்த நாட்டு அரசியல் சாசனக் கவுன்சில் 86 பிரிவுகளில் 35ஐ முழுசாகவோ பாதியாகவோ வெட்டியபோது இதுவும் அடிபட்டது. மாமா அன்றைக்குக் குழுவில் அழுகிற பொம்மை போட்டார். அத்தை ஏறின காலத்தில் அந்தச் சட்டம் இருந்திருந்தால் அழுகிற பொம்மையை யார் போட்டிருப்பார்கள்?

"நீ பிரான்ஸைப் பார்த்திருக்கியா, ஃபேஸ்புக்ல உக்காந்துக்கிட்டுப் பேசுற" என்பார்கள் அடுத்து. பார்த்திருக்கிறேன். 2017இல் மாமா பெண் கல்யாணத்துக்குப் போய் பதினெட்டு நாள் அந்த ஆஷ்எல்எம் வீட்டிலேயே படுத்தேன். ஏழாவது மாடி. லிஃப்டில் மூத்திர வாடை, உள்ளே வீடு கண்ணாடி மாதிரி. ஹாலில் மணக்குள விநாயகர் காலண்டர். எதிர் வீட்டில் மாலி நாட்டு அம்மா ஒருத்தர், நான்கு பிள்ளைகள். அத்தைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த வாரம் அந்த அம்மா தினம் ஒரு சட்டியில் வேர்க்கடலை அரைத்துவிட்ட குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாராம். அத்தையே எனக்குச் சொன்னார். சட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமனே கொடுக்கக் கூடாது என்று இவர் உளுந்து வடை போட்டுக் கொடுத்தாராம். இரண்டு பேருக்கும் பேச ஒரு பாஷை கிடையாது. அந்தச் சட்டியை நான் கையில் பிடித்துப் பார்த்தேன், நீல எனாமல், ஒரு காது உடைந்தது.

ஆடியோவில் "அந்த ஆப்பிரிக்காக்காரனுங்க" என்று மாமா சொல்லும் இடம் வரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டிதான் கண்ணில் நிற்கிறது.

சரி, வீட்டுக் கணக்கு. மாமா பெண் காத்திருப்பது நிஜம். அந்த வலியை நான் கிண்டல் செய்யவில்லை. 2024இல் அப்படிக் காத்திருந்தவை 27 லட்சத்துக்கும் மேலான குடும்பங்கள். ஆனால் படகில் வந்தவனுக்கு அந்தச் சாவி நேராகப் போவதில்லை. தங்கும் அனுமதி இல்லாதவன் விண்ணப்பமே போட முடியாது. 2017இல் பாரிஸில் லா ஷபெல் பக்கம் மேம்பாலத்துக்குக் கீழே கூடாரம் கூடாரமாகக் கிடந்தார்களே, அவர்கள்தான் படகில் வந்தவர்கள். அப்படியானால் வீடு எங்கே போனது? கட்டவில்லை மாமா. 2016இல் வருடத்துக்கு 1,24,000 அளவில் அனுமதி கொடுத்தார்கள், 2023இல் அது 82,000 அளவுக்கு இறங்கிவிட்டது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் போட்ட ஒரு சட்டம், ஓரளவு பெரிய ஊர்களில் இருபது இருபத்தைந்து சதவீதம் இப்படிப்பட்ட வீடு இருக்க வேண்டும் என்கிறது. பாரிஸை ஒட்டி நெயி என்று ஒரு பணக்கார ஊர், இன்றைக்கும் பத்து சதவீதத்தைத் தொடவில்லை. அபராதம் கட்டிக்கொண்டு ஜம்மென்று இருக்கிறார்கள். உங்கள் பெண்ணின் சாவி அங்கே இருக்கிறது. எதிர் வீட்டு அம்மாவின் முந்தானையில் தேடினால் கிடைக்காது.

பஸ் போதவில்லை என்றால் பஸ் விடாதவனைத்தானே கேட்க வேண்டும்? ஸ்டாப்பில் நிற்கிறவன் என்ன பண்ணுவான்?

லா ஷபெல் என்றதும் ஒன்று. மாமாவுக்கு முருங்கைக்காய், சுண்டைக்காய் வற்றல், கோயில் தேர் எல்லாமே அந்தப் பக்கத்துத் தெருக்களில்தான். அந்தக் கடைகளை நடத்துகிறவர்கள் பாதிக்கு மேல் யாழ்ப்பாணம், வவுனியா பக்கம். 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்கள், அன்றைக்கு அவர்களையும் இப்படித்தான் பேசியிருப்பார்கள். அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள், நிறையப் பேர் குடிமக்கள் ஆனார்கள், பிள்ளைகள் ஓட்டுப் போடுகின்றன. அதே கலவரத்தில் அதே ஊர்களிலிருந்து ராமேஸ்வரம் வந்து இறங்கியவர்களைப் பார்க்க வேண்டுமா? குறிஞ்சிப்பாடி முகாமுக்கு வாருங்கள். நாற்பது வருடமாக முகாம். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று நாடுகள் இருக்கின்றன, இலங்கை இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே பத்தாவது படித்து, இங்கேயே பெயின்ட் அடிக்கப் போகிற பையன் இன்னமும் இந்த நாட்டுக்காரன் இல்லை. 2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களில் ஏழாயிரத்துச் சொச்சம் வீடு புதிதாகக் கட்டித் தருகிறோம் என்று அறிவித்தபோது நம் ஆட்களே என்ன பேசினார்கள்? "நமக்கே வீடில்ல, அவங்களுக்கா?" மேடையில் ஈழம் என்றால் கைதட்டல், பக்கத்துத் தெருவில் முந்நூறு சதுர அடி என்றால் முகச்சுளிப்பு. மாமாவை மட்டும் சொல்லவில்லை, எல்லாரையும்தான் சொல்கிறேன்.

"அதுக்காக ஒரு நாடு எல்லாரையும் உள்ள விட முடியுமா?" முடியாது. வரம்பு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. விடுங்கள்.

இன்னொரு கேள்வி இருக்கிறது, அதை யாரும் பொதுவில் கேட்க மாட்டீர்கள், இன்பாக்ஸில் கேட்பீர்கள். ஒருவர் கேட்டும் விட்டார். "உங்களுக்குப் பொறாமைதானே? பாஸ்போர்ட் கிடைக்கலைன்னு?" நேற்று ராத்திரி முழுக்க இதை யோசித்தேன். பொறாமை இருக்கிறது. சின்ன வயதில் ஜனவரியில் மாமா வீட்டில் பெட்டி திறக்கும்போது நாங்கள் வரிசையாகச் சுவரோரம் நிற்போம். சோப்பு, சாக்லேட், பழைய ஸ்வெட்டர். கடலூர் வெயிலில் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன், சிரிக்காதீர்கள். எனக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை பார்த்தார்கள். அவர்கள் கேட்ட தொகைக்கு அப்பா சைக்கிள் கடையை இரண்டு தடவை விற்க வேண்டும். ஆகவே ஆமாம், பொறாமை. அதனால் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடுமா? பசித்தவன் சோற்றைப் பற்றிப் பேசினால் செல்லாதா?

வாடகை ஏறியதற்கும் வெளியூர்க்காரன்தான் காரணம் என்று அந்த ஆடியோவில் ஒரு வரி வருகிறது. இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பதினொரு வருடம் புதுச்சேரியில் வாடகைக்கு இருந்தவள் நான். போன வருடம் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். நல்ல மனுஷர்தான், திட்டவில்லை, டீ கொடுத்துத்தான் சொன்னார். சனி ஞாயிறு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்போகிறாராம். இரண்டு ராத்திரிக்கு வருகிறது நான் கொடுத்த மாத வாடகையில் பாதி. சாந்து பூசுகிற பீகார் பையன் ஆறு பேரோடு ஒரு அறையில் படுக்கிறான், அவன் எப்படி என் வாடகையை ஏற்றுவான்? இப்போது கடலூரிலிருந்து தினம் பஸ். ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பத்தில் நெரிசல், மரப்பாலத்தில் அதைவிட. பாதி நாள் நின்றுகொண்டுதான்.

மாமாவுக்குப் புதுச்சேரியில் மாடி வீடு ஒன்று இருக்கிறது. மூன்று படுக்கையறை. வருடத்தில் பத்து மாதம் பூட்டு. சாவி எங்கள் வீட்டு சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பின்னால். வாடகைக்குக் கேட்டு அப்பா ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். "சொந்தத்துக்குள்ள வாடகை கிடகைன்னு எதுக்கு மச்சான்" என்று மாமா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அதோடு சரி.

டிசம்பர் இரண்டாம் வாரம் வருகிறார்கள். தொட்டி கழுவ ஆள் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அம்மா போய்க் கூட்டித் துடைத்து, மெத்தையை மாடியில் போட்டு வெயில் காட்ட வேண்டுமாம். திங்கட்கிழமை அவளுக்கு ஆஸ்பத்திரி. ராத்திரி அங்கேயே படுத்துவிட்டால் விடியற்காலை பஸ் மிச்சமாகுமே என்றேன். "கேக்காம எப்படிப் படுக்கிறது" என்கிறாள்.