நல்ல எஜமானரும் 11 வயது பீட்டரும்

அமெரிக்க அடிமை முறை பற்றி எங்கே பேச்சு வந்தாலும், "எல்லா எஜமானர்களும் கொடுமைக்காரர்கள் இல்லை, வீட்டு மனுஷர் மாதிரி வைத்துக்கொண்டவர்களும் உண்டு" என்று யாராவது ஒருவர் கிளம்பி வருவார். எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல். உண்டுதான், சரி. அதனால் என்ன?

சாட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால்தான் இந்த வாதம் எடுபடும். சட்டத்தையும் கணக்கு நோட்டையும் புரட்டினால் எடுபடாது.

வர்ஜீனியா ஆங்கிலேயரின் காலனியாக இருந்த காலம். எலிசபெத் கீ என்ற பெண்ணின் தாய் ஆப்பிரிக்க அடிமை, தந்தை ஆங்கிலேயர். தந்தை சுதந்திர மனிதர், தானும் ஞானஸ்நானம் பெற்றவள், எனவே தன்னை அடிமையாக வைத்திருக்க முடியாது என்று வழக்காடி 1656இல் ஜெயித்தார். ஆங்கிலேயர் வழக்கப்படி பிள்ளைகள் தந்தை வழி. பண்ணைக்காரர்களுக்கு இது ஆபத்தாகத் தெரிந்திருக்க வேண்டும். 1662இல் சட்டம் வந்தது: பிள்ளை அடிமையா இல்லையா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது. 1667இல் இன்னொன்று: ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை கிடையாது. கீ வெளியே வந்த இரண்டு வழிகளையும் அடைத்துவிட்டார்கள்.

முதல் சட்டம் என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். அடிமைப் பெண்ணை எஜமானர் பலவந்தப்படுத்தினாலும், பிறக்கும் குழந்தை அவருடைய சொத்தில்தான் சேரும். பெற்ற பிள்ளையை விற்கலாம், உயில் எழுதி வைக்கலாம்.

வைத்தும் இருக்கிறார்கள். ஜான் வேல்ஸ் என்ற வர்ஜீனியா பணக்காரர் 1773இல் இறந்தார். அவருடைய அடிமைகளில் எலிசபெத் ஹெமிங்ஸும் அவர் பிள்ளைகளும் மகள் மார்த்தா வழியாக மருமகனுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் 6 பேருக்கு வேல்ஸ்தான் தந்தை என்பது ஹெமிங்ஸ் குடும்பத்தார் சொல்லிவந்தது; வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலானோர் ஏற்பதும் அதுவே. ஆக, மார்த்தாவுக்குத் தன் தம்பி தங்கைகளே சொத்தாக வந்தார்கள். கடைக்குட்டி சாலி அப்போது கைக்குழந்தை. அந்த மருமகன், தாமஸ் ஜெஃபர்சன். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் 1776இல் எழுதிய, பின்னால் அந்த நாட்டின் ஜனாதிபதியான அதே ஜெஃபர்சன். பிற்பாடு சாலியின் பிள்ளைகளுக்கும் அவரே தந்தை.

மாண்டிசெல்லோ பண்ணைக்கு அவர் எழுதி வைத்த திட்டம் இது: 10 வயது வரை பிள்ளைகள் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 10 முதல் 16 வரை பையன்களுக்கு ஆணிப் பட்டறை, பெண் பிள்ளைகளுக்கு நூல் நூற்பு. 16இல் வயல், அல்லது ஏதாவது கைத்தொழில். 1820இல் ஒரு கடிதத்தில் இன்னும் பச்சையாகவே சொல்கிறார்: இரண்டு வருஷத்துக்கு ஒரு பிள்ளை பெறுகிற பெண், பண்ணையின் சிறந்த ஆணைவிட லாபகரமானவள், அவன் உழைப்பு செலவாகிப்போகும், அவள் பெறுவது மூலதனத்தில் சேரும். கோபத்தில் வந்த வார்த்தை அல்ல, நிதானமாகக் கணக்குப் பார்த்து எழுதியது. அந்தக் காலத்து மனிதர்களில் இவரை இளகிய மனசுக்காரர் என்றுதான் சொல்வார்கள்!

சரி, இளகிய மனசு என்றே வைத்துக்கொள்வோம். 1826இல் அவர் இறந்தபோது கடன் தலைக்கு மேல் இருந்தது. ஜோசப் ஃபாசெட் என்ற கொல்லருக்கு உயிலில் விடுதலை எழுதியிருந்தார். அவர் மனைவி ஈடித்துக்கும் பிள்ளைகளுக்கும் எழுதவில்லை. 1827 ஜனவரியில் மாண்டிசெல்லோவில் ஏலம் நடந்தது. விடுதலை பெறப்போகிற தகப்பனின் மனைவியும் மக்களும் அதில் விலைபோனார்கள்.

மகன் பீட்டருக்கு அப்போது 11 வயது. தான் அடிமை என்றே தெரியாமல் சுதந்திரப் பிள்ளை போல வளர்ந்ததாகவும், ஜெஃபர்சன் செத்ததும் ஏல மேடையில் ஏற்றி அந்நியர்களுக்கு விற்றுவிட்டதாகவும் முதுமையில் அவரே சொல்லியிருக்கிறார். அதாவது நல்லபடியாக நடத்தப்பட்ட பிள்ளைதான். ஜோசப் பாடுபட்டு மனைவியையும் சில பிள்ளைகளையும் மீட்டார். பீட்டர் இரண்டு முறை தப்பியோடிப் பிடிபட்டார். 1850இல் அவரை மறுபடி ஏலத்தில் ஏற்றியபோதுதான் வேண்டியவர்கள் பணம் கொடுத்து விடுவித்தார்கள். அப்புறம் சின்சினாட்டியில் பாதிரியார் ஆனார். ஓடிவருகிற அடிமைகளுக்கு ஒளிய இடம் கொடுத்து வழியனுப்பவும் செய்தார்.