அந்த மரவீடு ஃப்ரீமன் கட்டியதல்ல

இணையத்தில் பகிரப்படும் ஒரு படத்தில் இருக்கும் பழைய மரவீட்டை, அமெரிக்காவில் ஹோம்ஸ்டெட் சட்டப்படி (குடியேறிப் பயிரிடுவோருக்கு அரசு நிலம் தந்த சட்டம்) முதலில் நிலம் கேட்டுப் பதிந்தவர்களில் ஒருவரான டேனியல் ஃப்ரீமன் கட்டி வாழ்ந்த வீடு என்று படக்குறிப்பில் சொல்லியிருக்கிறார்கள். அது சரியல்ல.

நெப்ராஸ்கா மாநிலத்தில் பியாட்ரிஸ் ஊருக்குப் பக்கத்தில், ஃப்ரீமன் 1863 ஜனவரி 1 அன்று பதிந்த நிலத்தில்தான் அந்த வீடு இன்று நிற்கிறது. குழப்பம் அதனால்தான். ஆனால் 1867இல் வேறோர் இடத்தில் அதைக் கட்டியவர் ஜார்ஜ் பால்மர். நீளம் 16 அடி, அகலம் 14 அடி. அதற்குள் பத்துப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இடம் போதாமல் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கினார்கள். பிறகு எப்பார்ட் குடும்பம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் குடியிருந்தது. 1950இல்தான், ஃப்ரீமன் நிலத்தில் அமைந்த ஹோம்ஸ்டெட் தேசிய நினைவிடத்துக்கு வந்து காட்சிப்பொருளாயிற்று. இத்தனை பேர் புழங்கிய வீட்டை ஒருவர் பெயரில் எழுதிவிட்டால் மற்றவர்கள் காணாமல் போகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் இணையதளத்தில் ‘பால்மர்-எப்பார்ட் கேபின்’ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். கட்டியவர் பெயரும் ஆண்டும் கிடைக்கும். பதிவிட்டவர் படக்குறிப்பை மாற்றினால் நன்றி.